எலைன்மென்ட் செய்த பிறகும் ஆக்சியோ இடப்பக்கம் இழுக்கிறது

எலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்த பிறகும் உங்கள் டொயோட்டா ஆக்சியோ கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இன்னொரு தடவை அதற்குக் காசு கட்டாதீர்கள். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பிழைத்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். உங்களுக்கு ஸ்டியரிங் நேராக இருந்தும் கார் இழுக்கிறது. ஆக்சியோவின் முன்பக்கத்தில் கம்பெனி அமைப்பின்படி திருத்தக்கூடியது டோ மட்டும்தான், கராஜில் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

முன் டயர் இரண்டும் புதிது போட்ட பிறகுதான் தொடங்கியது என்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் டயரில்தான். புது டயரிலும் உள்கட்டு ஒரு பக்கம் சாய்ந்து வருவதுண்டு.

1. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள்.

2. முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுவை வலப்பக்கம் திரும்பினால் டயர்தான் காரணம், கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். பக்கச்சுவரில் சுழற்சி அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றக்கூடாது. அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்குப் போட்டுப் பாருங்கள்.

மாற்றமே இல்லையா? எலைன்மென்ட் பிரின்டை (கராஜில் அளவுகளை அச்சிட்டுத் தரும் தாள்) எடுங்கள். இடது வலது காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) வித்தியாசம் 0.5 பாகைக்கு மேல் என்றால் குறைந்த பக்கம் இழுக்கும். கேம்பரில் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாயும் அளவு) எதிர்மாறு, கூடிய பக்கம் இழுக்கும். குழியில் அடிபட்டு வளைந்த லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), அதன் தேய்ந்த ரப்பர் புஷ், இவைதான் வழக்கமான காரணம். கேம்பரைத் திருத்த உதவும் கேம்பர் போல்ட் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் வளைந்த ஆர்மை அப்படி மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதைத் தொட்டாலும் கடைசியில் டோவை மறுபடி வைக்க வேண்டும்.

ஒன்று: காலி வீதியின் இடது நிரலில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மழைநீர் வடிய வீதியே இடப்பக்கம் சரிவு, நல்ல காரும் மெல்ல அந்தப் பக்கம் போகும்.