கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

கேள்வி: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துதான் நாற்றுவிடுகிறோம். அதே பூஞ்சையை வைத்து வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள் என்கிறான் என் மகன். உண்மையா அம்மா? நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்யலாமா?
- ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: மகன் சொல்வது கிட்டத்தட்ட சரி. அது விரிடியின் பங்காளி, டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை இற்றுப்போகச் செய்த பூஞ்சை இது. எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இதைப் பல வருடம் விடாமல் ஆராய்ந்தார்கள். முதலில் இதையும் விரிடி என்றே அழைத்தார்கள். 1977-இல்தான் ரீஸ் பெயரைச் சூட்டினார்கள்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதியை (என்சைமை) வெளியே சுரந்து, பருத்தி, தாள், வைக்கோலில் எல்லாம் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைச் சர்க்கரையாக்கி உறிஞ்சிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் இதை வருடாவருடம் செய்துகாட்டியிருக்கிறேன். 50 மில்லிகிராம் வடிதாள் துண்டைச் சுருட்டி நொதிக் கரைசலில் போட்டு, 50 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைப்போம். அப்புறம் சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் மஞ்சள் நிற டி.என்.எஸ். கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட்டால், ஐந்தே நிமிடத்தில் செங்கல் நிறம் வந்துவிடும். தாள் சர்க்கரையாகியிருக்கிறது! அந்த நிறத்தைப் பார்க்க நானும் பிள்ளைகளோடு குனிந்து நிற்பேன்.

ஆனால் வைக்கோல் வடிதாளைப் போல லேசில் மசியாது. செல்லுலோஸை லிக்னின் என்ற கடினமான பொருள் இறுகப் பிடித்திருக்கும். முதலில் நீர்த்த அமிலமும் அழுத்த நீராவியும் கொடுத்து அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். பிறகுதான் நொதி, சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட், வடித்தெடுப்பது எல்லாம். வைக்கோலில் சைலோஸ் என்று இன்னொரு சர்க்கரையும் நிறைய உண்டு. சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. நொதியும் விலை கூடியது. ஹரியானாவில் பானிப்பட்டில் 2022-இல் இந்தியன் ஆயில் திறந்த ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. அந்த அளவில் செய்யவே பெரும்பாடு. அமிலமும் அழுத்தமும் சேர்ந்த வேலையை வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாராயம் வடிக்க உரிமமும் வேண்டும்.

மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலைக் கொளுத்திவிடாதீர்கள். சாணக் கரைசலில் விரிடியைக் கலந்து அடுக்கடுக்காகத் தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் குவித்து வையுங்கள். வாரம் ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். சூடு அடங்கி, வைக்கோல் கறுத்துக் கையில் உதிர்ந்தால் வயலுக்குப் போடலாம்.