பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

கேள்வி: பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். பத்திரம் முடிந்த அன்று முந்தைய உரிமையாளர் வாசல் கதவுச் சாவி 3 கொடுத்தார். கைப்பிடியோடு வரும் மார்டைஸ் லாக் (கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு), நன்றாகவே வேலை செய்கிறது. மாற்றிவிடலாமே என்று ஆசாரியைக் கேட்டால், முழு செட்டையும் கழற்றிப் புதிது போட 6,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார். நல்ல பூட்டை எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
— வாசகி, தாம்பரம்

பதில்: மாற்றுங்கள், குடிபோவதற்கு முன்பே. ஆனால் முழு செட் வேண்டாம், சாவி நுழையும் பாகமான சிலிண்டர் மட்டும் போதும்.

உங்கள் கைக்கு வந்தது 3 சாவி. மொத்தம் எத்தனை செய்தார்கள் என்பது கொடுத்தவருக்கே தெரியாமல் இருக்கலாம். நாங்கள் ஒரு வாடகை வீட்டுக்குப் போனபோது 2 சாவி கொடுத்து, "இவ்வளவுதான்" என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு காலை நேரம். சமையலறையில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருக்கிறேன், வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் வயதான அம்மா ஒருவர் செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். முன்பு அங்கே குடியிருந்தவர்களிடம் வேலை செய்தவர். மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்த சமயத்தில் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைவிட அவர்தான் அதிகம் பதறிப்போனார். கோயில் கயிறு கட்டிய சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூன்று வாரமாக அந்தச் சாவி வெளியே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அன்று சாயங்காலமே சிலிண்டரை மாற்றினோம்.

உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். வீட்டுத் திருட்டுக்கான காப்பீட்டில், பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்த அடையாளத்தைப் பொதுவாகக் கேட்பார்கள். டூப்ளிகேட் சாவி போட்டு ஒருவர் உள்ளே வந்து போனால் ஒரு கீறல்கூட இருக்காது. இழப்பீடு வாங்குவது பெரும்பாடாகிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். நாக்கு வெளியே வரும் இடத்தில் நீளமாக ஒரு தகடு இருக்கும். அதில், சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு திருகு இருக்கிறதா? இருந்தால் உங்களுடையது கழற்றி மாட்டும் சிலிண்டர். அந்தத் திருகை முழுவதும் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். முதலில் வராது. சிலிண்டரின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு, சிலிண்டரின் உடம்போடு ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். அந்த இடம் கிடைக்கும்வரை சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். இதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஆசாரி தேவையில்லை.

கடைக்குப் போகும்போது பழைய சிலிண்டரையே எடுத்துப் போவது நல்லது, யாராவது வீட்டில் இருக்கட்டும். முடியாவிட்டால் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மொத்த நீளம் மட்டும் போதாது. திருகுத் துளையின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும். 70 மி.மீ. என்றால் அது 35-35 ஆகவும் இருக்கலாம், 30-40 ஆகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தில் தப்பான அளவு வாங்கி வந்து, வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிற சிலிண்டர்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது ஆபத்து. சிலிண்டரில் மிக மெல்லிய இடம் அந்தத் திருகுத் துளைதான். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறடால் பிடித்து வளைத்தால் அங்கேதான் முறியும். வெளித் தகட்டுக்கு மேலே 2 அல்லது 3 மி.மீ.க்கு அதிகமாகத் தெரியக் கூடாது.

வாங்கும்போது வெளியே சாவி, உள்ளே குமிழ் இருக்கும் வகையைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டரில், தீ மாதிரி அவசரம் வந்தால் உள்ளே இருப்பவர் சாவியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி இருந்து, அதை உடைத்துக் கைவிட்டுத் திறக்க முடியும் என்றால் மட்டும் இரண்டு பக்கச் சாவியை யோசிக்கலாம். அப்போதும் ஒரு சாவி உள்ளே எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். அதைப் பூட்டிலேயே விட்டுவிடாதீர்கள், பல சிலிண்டர்களில் உள்ளே சாவி இருந்தால் வெளியிலிருந்து திறக்க வராது.

ஒருவேளை உங்களுடையது நீளத் தண்டும் நுனியில் பல்லும் கொண்ட பழைய மாதிரி சாவி என்றால், அது லீவர் பூட்டு. அதில் சிலிண்டர் கிடையாது. கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். அதே நீள அகலத்தில், கதவு விளிம்பிலிருந்து சாவித் துவாரம் வரையுள்ள தூரமும் ஒத்துப்போகிற மாதிரி வாங்கினால் மரத்தைக் கொத்த வேண்டியிருக்காது.

பில் கேட்டு வாங்குங்கள். சாவிப் பாக்கெட் சீல் உடையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சில கம்பெனிகள் சாவியோடு எண் போட்ட அட்டை ஒன்றும் தருவார்கள். டூப்ளிகேட் செய்ய அது உதவும் என்பதால், அதைச் சாவிக் கொத்தோடு வைக்காமல் பத்திரத்தோடு வையுங்கள். புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். தெளிவான படம் இருந்தால் வெட்டின் ஆழத்தைப் பார்த்தே சாவி செய்துவிட முடியும்.

கேள்வி: சாவிக் கொத்து பேருந்தில் தொலைந்துவிட்டது. அதில் வீட்டு முகவரி எழுதிய அட்டையும் இருந்தது. சாவி செய்பவர், "பூட்டை மாற்ற வேண்டாம், உள்ளே பின்னை மாற்றிப் புதுச் சாவி தருகிறேன்" என்கிறார். நம்பிச் செய்யலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: முகவரியும் சேர்ந்து போயிருக்கிறது என்றால் இன்றைக்கே செய்யுங்கள். அவர் சொல்வது நடக்கிற காரியம்தான்.

சிலிண்டருக்குள் வரிசையாக 5 அல்லது 6 சின்னப் பித்தளைப் பின்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நீளம். உங்கள் சாவியில் இருக்கும் மேடு பள்ளம் அந்த நீளத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டியது. சரியான சாவி நுழைந்தால் எல்லாப் பின்னும் ஒரே கோட்டுக்கு வந்து நிற்கும், நடு உருளை சுற்றும். வேறு நீளப் பின்களைப் போட்டு, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டிவிட்டால் பழைய சாவி செல்லாக்காசு. லினஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-இல் காப்புரிமை வாங்கிய இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான வாசல் கதவுகளில் இருக்கிறது.

சிக்கல் வேலை செய்பவர் கையில்தான் இருக்கிறது. சரியான நீளப் பின் இல்லாதபோது, சிலர் இருக்கிற பின்னையே அரத்தால் ராவிப் போடுவார்கள். இன்னும் சிலர் ஒன்றிரண்டு பின்னை எடுத்தே விடுவார்கள். பூட்டு திறக்கும், மூடும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 5 பின் இருந்த இடத்தில் 3 மட்டும் இருந்தால் வேறு சாவிகளும் அதைத் திறக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நல்ல வேலைக்காரர் ஒரு துணியை விரித்து, பின்னையும் ஸ்பிரிங்கையும் வரிசை மாறாமல் அடுக்கி வைப்பார். அந்த ஸ்பிரிங் பேனா ஸ்பிரிங்கைவிட மெல்லியது, கை தவறினால் துள்ளிப் போய்விடும். எடுத்தது எத்தனை, போட்டது எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் உங்களிடம் மிச்சமிருக்கும் பழைய சாவியைப் போட்டுப் பாருங்கள், அது திரும்பவே கூடாது. புதுச் சாவியை, கதவு திறந்திருக்கும்போதே பத்து முறையாவது பூட்டித் திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

பக்கவாட்டில் குழி குழியாக இருக்கும் கம்ப்யூட்டர் சாவி என்றால் இந்த வேலைக்கு மெனக்கெட வேண்டாம். புது சிலிண்டரே வாங்கிவிடலாம். பின் மாற்றுவது நல்ல பழைய பித்தளைப் பூட்டுக்கும், ஒரே சாவியில் நாலைந்து கதவு திறக்க வேண்டிய வீட்டுக்கும்தான் லாபம்.

கேள்வி: வாடகை வீடு. பூட்டை மாற்றுகிறேன் என்றால் வீட்டு உரிமையாளர், "என் வீட்டில் நீங்கள் எப்படி மாற்றலாம், எனக்கு ஒரு சாவி வேண்டும்" என்கிறார்.
— வாசகி, கோவை

பதில்: முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், அதில் பூட்டு பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் முன்னால் நிற்கும். எதுவும் இல்லையென்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கதவு, ஜன்னல் பூட்டு மாற்றும் பொறுப்பு வாடகைதாரர் பக்கம்தான் இருக்கிறது. பழுதுபார்ப்பு போன்ற வேலைக்கு உரிமையாளர் உள்ளே வர வேண்டுமென்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் சண்டையில் தொடங்க வேண்டாம். "சிலிண்டரை மட்டும் என் செலவில் மாற்றுகிறேன், உங்களுடையதைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது திரும்ப மாட்டித் தருகிறேன்" என்று மெசேஜ் அனுப்புங்கள். பெரும்பாலான உரிமையாளர்களின் பயம், கதவை ஓட்டை போட்டுவிடுவார்களோ என்பதுதான். சிலிண்டர் மாற்றினால் கதவில் ஒரு கீறலும் விழாது. சாவி கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. கொடுத்தால் உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எவ்வளவு விலை கொடுத்தால் உடைக்கவே முடியாத பூட்டு கிடைக்கும்?
— வாசகர், விருதுநகர்

பதில்: கடப்பாரையோடு வருகிறவன் பூட்டை உடைப்பதில்லை, கதவு நிலையைப் பெயர்க்கிறான். பூட்டின் நாக்கு போய் நுழையும் தகட்டை நிலையில் அரை அங்குலத் திருகால் அடித்திருப்பார்கள். அதைக் கழற்றி 2 அங்குலத்துக்குக் குறையாத திருகு போடச் சொல்லுங்கள். சில பத்து ரூபாய் செலவு. அப்புறம், ஊருக்குப் போகும்போது வாசல் கதவில் வெளியே தெரிகிற மாதிரி பெரிய பூட்டைத் தொங்கவிடாதீர்கள், வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்கிற மாதிரி அது. கதவுக்குள்ளேயே இருக்கும் பூட்டு அந்தச் செய்தியைச் சொல்லாது. கிரில் கேட்டுக்கு வேண்டுமானால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை நம்பி வாங்கலாம். உங்களுக்கு எட்டுகிற தூரம்தானே, பட்டறையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சாவி இறுகுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மறுபடியும் அதே கதை.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: எண்ணெய்தான் காரணம். தூசியை இழுத்து உள்ளே பசை மாதிரி ஆக்கிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவியின் வெட்டில் தடவி, நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திரும்பி, சாத்தினால் மட்டும் இறுகினால் பூட்டில் கோளாறு இல்லை. மழைக்குக் கதவு உப்பியிருக்கும், அல்லது கீல் தொய்ந்திருக்கும். அதற்கு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.