திரும்ப வரமாட்டார் என்று தெரிந்தும் மனம் ஏற்காதபோது

பிரிந்தவருக்கு வேறு திருமணம் ஆகிவிட்டது, ஆனாலும் 'ஒருநாள் அழைப்பார்' என்று பழைய மெசேஜ்களையே படித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் மறந்துவிடச் சொல்கிறார்கள் என்றும். மறக்க வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்கிய டிபிடி (Dialectical Behavior Therapy) என்ற, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சையில், நடந்ததை முழுமையாக ஏற்பது ஒரு பயிற்சியாகவே உண்டு. நடந்தது நியாயம் என்று ஒப்புக்கொள்வது அல்ல அது. நடந்துவிட்டது என்பதோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துவது. பிரிந்துபோனவர் செய்தது தவறு என்றே நீங்கள் நினைக்கலாம், கோபப்படலாம். ஏற்கத் தொடங்கும்போது துக்கம் முதலில் கூடலாம், பயப்படாதீர்கள்.

மெசேஜைத் திறக்கக் கை போகும்போது, "அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. எனக்கு வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான். 'அன்று நான் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால்' என்றெல்லாம் மனம் ஓடும். ஓடட்டும், திரும்பவும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு வாருங்கள். ஒரே நாளில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம், தூக்கமே இல்லை என்றீர்களே, அது வாரக்கணக்கில் நீடித்தால் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.