சிலி பயணக் கட்டுரை மொழிபெயர்ப்பு: கமன்ச்சாக்கா, பெனிதென்தெஸ், கரூவா

வணக்கம். சிலி பயணக் கட்டுரையிலிருந்து நீங்கள் தமிழாக்கி ஒட்டிய பத்தியைப் படித்தேன்; மூன்று சொற்களைத் திருத்த வேண்டும். 'மலைச்சரிவில் பாவம் போக்கிக்கொள்ள வந்தவர்கள் நின்றிருந்தார்கள்' என்பது அழகான வாக்கியம்தான்; ஆனால் அங்கே ஆட்கள் யாருமில்லை! ஆண்டீஸ் உச்சிகளில் வெயிலில் உறைபனி நேரடியாக ஆவியாகி, மிஞ்சியது ஆளுயரத்துக்கும் மேலே கத்தி கத்தியாக நிற்கும். அந்தப் பனிக்கூர்களுக்குத்தான் 'பெனிதென்தெஸ்' என்று பெயர். புனித வார ஊர்வலத்தில் கூர்முகமூடி அணிந்து வருகிற நோன்பாளிகளைப் போலத் தெரிவதால் வந்த பெயர். 1835இல் டார்வினும் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

'கமன்ச்சாக்கா'வுக்குப் 'பனி' என்று போட்டது இன்னும் சிக்கல். நம் 'பனி' மார்கழிக்கும் பொருந்தும், இமயத்துக்கும் பொருந்தும். இதுவோ ஆண்டீஸ் பழங்குடி மொழியான ஐமாராவிலிருந்து வந்த சொல். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தின் மேல் உருவாகி அட்டகாமா பாலைவனக் கரையில் ஏறும் அடர்ந்த கடல்மூடுபனி. மழையாக இறங்காது. சிலியின் சுங்குங்கோ என்ற மீனவ ஊர் 1992 முதல் பல ஆண்டுகள் மலைமேல் வலை கட்டி இதிலிருந்து குடிநீர் எடுத்தது. உங்கள் பத்தியில் வரும் 'வலைகள்' மீன் வலைகள் அல்ல, அவைதாம். சொல்லை அப்படியே வைத்து, முதல் இடத்தில் 'கடல்மூடுபனி' என்று விளக்கிவிடுங்கள்.

'கரூவா' என்பது பெரு நாட்டின் லிமா நகரத்துக் குளிர்காலப் பொடித்தூறல். 'தூவானம்' வேண்டாம், அது மழையை ஒட்டி வருவது, அங்கே பெருமழையே அரிது.