ஸ்டாஷ் பாப் சொதப்பிவிட்டதா? கேளுங்கள்

(கிட்: கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். ஸ்டாஷ்: முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது. பாப்: அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்டாஷைப் பட்டியலிலிருந்து நீக்குவது.)

கே: 'கிட் ஸ்டாஷ் பாப்' கொடுத்ததும் ஏகப்பட்ட கான்ஃப்ளிக்ட் (மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவது). பாப்புக்கு முந்தைய நிலைக்கே போக வேண்டும். மெர்ஜுக்கு (இரு கிளைகளை இணைப்பதற்கு) இருக்கிற மாதிரி இதற்கு '--அபார்ட்' (பாதியில் கைவிடும் வசதி) இல்லையே?

ப: இல்லைதான். முதலில் 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' போட்டுப் பாருங்கள். கான்ஃப்ளிக்ட் வந்தால் கிட் ஸ்டாஷை நீக்காது, பட்டியலிலேயே இருக்கும். கோப்புகளைப் பழையபடி ஆக்கினால் போதும்: 'கிட் ரீசெட் --மெர்ஜ்'.

பதற்றத்தில் 'ரீசெட் --ஹார்ட்' அடித்துவிடாதீர்கள். ஸ்டாஷ் தப்பிக்கும். ஆனால் பாப்புக்கு முன்பே வேறு கோப்பில் கமிட் பண்ணாமல் (கிட்டில் பதிவு செய்யாமல்) வைத்திருந்த வேலை போய்விடும். கிட்டிடம் அதற்குப் பிரதியே இருக்காது. அரை நாள் வேலையை நானே இப்படித் தொலைத்திருக்கிறேன். '--மெர்ஜ்' ஸ்டேஜ் ஆகாத (அடுத்த கமிட்டுக்கென்று எடுத்துவைக்காத) மாற்றங்களை விட்டுவைக்கும். ஏற்கெனவே ஸ்டேஜ் பண்ணியிருந்தவை மட்டும் அதிலும் போகும், கவனம்.

கே: எனக்குக் கான்ஃப்ளிக்ட் எதுவும் வரவில்லை. ஆனால் தவறான பிராஞ்சில் (வேலைக் கிளையில்) பாப் பண்ணிவிட்டேன்.

ப: அங்கே வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால் திரும்ப ஸ்டாஷ் பண்ணி, பிராஞ்ச் மாறி, பாப் பண்ணுங்கள். புதுக் கோப்புகள் இருந்தால் '-யு' சேர்க்க மறக்காதீர்கள்.

கே: அதுதான் சிக்கலே. அந்தப் பிராஞ்சில் பாதி வேலை கிடந்தது. இப்போது இரண்டும் கலந்துவிட்டன.

ப: பாப் முடிந்ததும் கடைசி வரியில் 'டிராப்டு' என்று போட்டு 40 எழுத்து ஹாஷ் ஒன்று வந்திருக்கும். நீக்கப்பட்ட ஸ்டாஷின் முகவரி அது. 'கிட் ஸ்டாஷ் ஷோ -பி' கட்டளைக்கு அந்த ஹாஷைக் கொடுத்து, வருவதைப் பைப் ('|' குறி) வழியாக 'கிட் அப்ளை -ஆர்' (பெரிய எழுத்து R) கட்டளைக்கு அனுப்புங்கள். ஸ்டாஷ் கொண்டுவந்தது மட்டும் கழியும். '-யு' போட்டு ஸ்டாஷ் பண்ணிய புதுக் கோப்புகள் இதில் வராது, அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். பிறகு 'கிட் ஸ்டாஷ் ஸ்டோர்' கட்டளைக்கு அதே ஹாஷைக் கொடுத்தால் ஸ்டாஷ் மறுபடி பட்டியலில் ஏறிவிடும்.

கே: டெர்மினலை மூடிவிட்டேனே! ஹாஷுக்கு எங்கே போவது?

ப: ஸ்டாஷ் என்பதும் ஒரு கமிட்தான், நீக்கினாலும் உடனே அழியாது. 'கிட் எஃப்எஸ்சிகே --அன்ரீச்சபிள்' கொடுத்தால் கேட்பாரற்றுக் கிடக்கும் கமிட்களெல்லாம் வரும். ஒவ்வொன்றையும் 'கிட் ஷோ'வில் பாருங்கள்: நீங்களாகப் பெயர் கொடுக்காத ஸ்டாஷ் என்றால் செய்தி 'டபிள்யூஐபி ஆன்' என்று தொடங்கும், பக்கத்தில் பிராஞ்ச் பெயர். கிடைத்ததும் 'கிட் ஸ்டாஷ் அப்ளை' கட்டளைக்கு அந்த ஹாஷ். தள்ளிப்போடாதீர்கள், இயல்பு அமைப்பில் 2 வாரம் தாண்டியவற்றைக் குப்பை அகற்றும்போது கிட் துடைத்துவிடும்.

கே: பாப் சரியாக வந்தது. ஆனால் ஸ்டேஜ் பண்ணி வைத்திருந்தவையெல்லாம் ஸ்டேஜ் ஆகாதவையாக வந்திருக்கின்றன.

ப: '--இண்டெக்ஸ்' சேர்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஹாஷ் கையில் இருந்தால், வந்த மாற்றங்களைக் கழித்துவிட்டு 'அப்ளை --இண்டெக்ஸ்' போடுங்கள்.

கே: 3 மாதப் பழைய ஸ்டாஷ். எத்தனை முறை பாப் பண்ணினாலும் கான்ஃப்ளிக்ட்தான்.

ப: அடியில் இருந்த கோடே மாறிப்போயிருக்கும். 'கிட் ஸ்டாஷ் பிராஞ்ச்' என்று போட்டு ஒரு புதுப் பெயர் கொடுங்கள். ஸ்டாஷ் பண்ணிய அன்றைய கமிட்டிலிருந்தே பிராஞ்ச் பிரிந்து, மாற்றங்கள் இடிக்காமல் இறங்கும். அங்கே கமிட் பண்ணிவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். கான்ஃப்ளிக்ட் அப்போதும் வரும்தான், ஆனால் அந்த மெர்ஜுக்கு '--அபார்ட்' உண்டு.