அமெரிக்காவின் வர்ஜீனியா, மாசசூசெட்ஸ் இரண்டுமே இங்கிலாந்துக்காரர்கள் குடியேறிய இடம்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மண்ணும் வந்த ஆட்களும்தான் காரணம். 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் எல்லோரும் ஆண்கள், பணம் பண்ண வந்தவர்கள்; அங்கே குடியேறிய ஜான் ரால்ஃப் புகையிலை பயிரிட்டுக் காட்டியதும் வர்ஜீனியாவே அதன் பின்னால் ஓடியது. புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், அதனால் புது நிலம் வேண்டும், ஆளும் வேண்டும், ஒருவரைக் கப்பல் செலவு கொடுத்துக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்று விதியே போட்டார்கள். முதலில் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், அப்புறம் ஆப்பிரிக்க அடிமைகள்.

மாசசூசெட்ஸில் கல் நிலம், கடுங்குளிர். 1630-இல் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஊர் கட்டினார்கள். மீன், மரம், கப்பல் கட்டுதல் என்று பிழைப்பு. பைபிள் படிக்க வேண்டுமே, 1647-லேயே 50 வீடுள்ள ஊர் வாத்தியார் வைக்கச் சட்டம். ரொம்பப் புனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்: அவர்களுடைய மட்டமான மீன் கரீபியன் கரும்புத் தோட்ட அடிமைகளின் சாப்பாட்டுக்குத்தான் போனது.