சுடாத நெருப்பும் இனிக்காத கஞ்சியும்

(பதில் சொல்பவர் சேலத்தில் 40 ஆண்டுகள் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவர். 31 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி.)

என் அப்பா சர்க்கரை நோயால் 58 வயதில் போய்விட்டார். எனக்கு 38. போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். அறுபதைப் பார்ப்பேனா?
– வாசகர், அம்மாப்பேட்டை

தம்பி, நான் தொழிலுக்கு வந்த புதிதில் சர்க்கரையைக் கண்டறியும் நீல நிறப் பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல், செங்கல் நிறமானால் மிக அதிகம். ஆனால் இரத்தத்தில் ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். நீலமாகவே இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இன்று ஒரு சொட்டு இரத்தம் உடனே எண்ணைச் சொல்லிவிடுகிறது. மூன்று மாதச் சராசரியை எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். உங்கள் வயதில் அது 7 சதவீதத்துக்குக் கீழே நிற்கட்டும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கவனியுங்கள், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பு. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாதம் மூன்றையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. எனக்கு 41இல் வந்தது. இப்போது 72 நடக்கிறது.

என் கணவருக்கு 14 வருடமாகச் சர்க்கரை. ஆடியில் தீ மிதிப்பது வழக்கம். போன முறை சுடவே இல்லை, எல்லாம் அம்மன் அருள் என்கிறார். ஆனால் செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. இந்த ஆண்டு மிதிக்கலாமா?
– வாசகி, குகை

வேண்டாம் அம்மா. செருப்பு கழன்றது தெரியாத காலுக்கு நெருப்பு மட்டும் எப்படித் தெரியும்? அம்மனின் அருளை அளக்க நான் யார். உங்கள் கணவரின் நரம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் கதையையும் கேளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனோம். ஏரிக்கரையிலிருந்து அண்ணா பூங்கா வரை நடந்தோம், மலர்க் கண்காட்சி பார்த்தோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம். இரவு வீட்டில் செருப்பைக் கழற்றியதும் மனைவி கேட்டார், "தரையில் என்ன சிவப்பாக இருக்கிறது?" அடிப்பாகத்தைத் துளைத்து ஒரு ஆணி உள்ளே வந்திருந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். ஊராரின் பாதத்தையெல்லாம் பார்த்தவனுக்குத் தன் பாதம் தெரியவில்லை! புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று.

அன்றிலிருந்து படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், விரலிடுக்கு உட்பட. செருப்பைத் தட்டாமல் போடுவதில்லை. அவரையும் அப்படிப் பழக்குங்கள். மருத்துவரிடம் கூட்டிப்போனால் கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். எவ்வளவு மரத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வேண்டுதலுக்குக் கூழ் ஊற்றட்டும். கோயில் கல்தரையும் வெயிலில் கொதிக்கும். தடித்த காலுறையோடு சுற்றி வரட்டும்.

இன்சுலின் போடுகிறேன். காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கும்போது வியர்த்துக் கை நடுங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் செய்யும் வேலையா?
– வாசகர், ஏற்காடு

வளைவு குமட்டும், தலை சுற்றும், வியர்க்கவும் வைக்கும். அதோடு நடுக்கமும் கொலைப் பசியும் சேர்ந்தால் தாழ்சர்க்கரையைத்தான் சந்தேகிப்பேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு இட்லியை விட்டுவிடுகிறீர்களா? பையில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மீட்டர் இல்லாவிட்டால் யோசிக்காமல் குடித்துவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஊசியின் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

விரத நாளில் உப்புப் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கிறேன். இனிப்பே இல்லை, ஆனாலும் சர்க்கரை ஏறுகிறதே? மாம்பழம் தொடலாமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. வேறொன்றும் பெரிதாக இல்லை. நாக்குக்கு இனிக்காது, மீட்டருக்கு இனிக்கும். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரன் இதைச் சொல்வது ஊர்த் துரோகம்தான். விரதமென்றால் சுண்டலும் மோரும் போதாதா? ஆனால் மாத்திரையோ ஊசியோ உண்டென்றால் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள்.

மாம்பழத்தை நான் விடவில்லை. மல்கோவாவில் இரண்டு கீற்று, அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைவு. மூன்றாவது கீற்றுக்குக் கை நீளும்போது தட்டு மனைவி பக்கம் போய்விடும்.